மூன்று நிமிட வெடிகள்: ‘தி ஹூ’வின் ஸ்டுடியோ கதவைத் திறந்தால்...

‘ஹேப்பி ஜாக்’ பாட்டைப் போடுங்கள். இரண்டு நிமிடம் சொச்சம்தான் ஓடும். பாட்டு முடிகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒரு குரல், யாரையோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷியில் கத்தும். கேட்டதா? அது பாட்டு வரி இல்லை. பாடகர் ரோஜர் டால்ட்ரியின் குரலும் இல்லை. பாட்டை எழுதிய கிதார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட்தான் கத்துகிறார். மாட்டிக்கொண்டவர் டிரம்மர் கீத் மூன்!

மூனுக்குப் பாட ஆசை, கட்டுக்கடங்காத ஆசை. மற்ற மூவரும் மைக் முன்னால் நின்று பாட ஆரம்பித்தால் போதும், இவர் நடுவில் புகுந்து சேட்டை செய்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார். டேக் வீணாகும். அதனால் குரல் பதிவு நடக்கும்போது மட்டும் அவருக்கு உள்ளே இடமில்லை. அன்றைக்கும் வெளியே அனுப்பியிருந்தார்கள். மனிதர் சும்மா இருப்பாரா? ஓசைப்படாமல் உள்ளே நுழையப் பார்த்தார். டவுன்ஷெண்ட் பார்த்துவிட்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. 1966 டிசம்பரில் சிங்கிளாக வெளியாகி, பிரிட்டனில் 3-ம் இடம்வரை ஏறிய ஒரு பாட்டின் கடைசி நொடியில் அந்தத் திருட்டுத்தனம் அப்படியே பதிந்துகிடக்கிறது.

இந்த மாதிரி சங்கதிகள் ஒரே ரெக்கார்டில் வரிசைகட்டி நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் 1971 கடைசியில் வெளிவந்த ‘மீட்டி பீட்டி பிக் அண்ட் பவுன்சி’. ‘தி ஹூ’ என்ற லண்டன் ராக் குழுவின் ஆரம்பகால சிங்கிள்களைத் திரட்டிய தொகுப்பு. மொத்தம் 14 பாட்டு. தலைப்பில் இருக்கிற நாலு சொல்லும் நாலு பேர். கட்டுமஸ்தான டால்ட்ரி, தாளக்கார மூன், ஆஜானுபாகுவான பேஸ் கிதார்க்காரர் ஜான் எண்ட்விசில், மேடையில் எம்பி எம்பிக் குதிக்கும் டவுன்ஷெண்ட்.

‘தி ஹூ’ என்றதும் எல்லோரும் ‘டாமி’யைச் சொல்வார்கள், ‘ஹூஸ் நெக்ஸ்ட்’டைச் சொல்வார்கள். சொல்லட்டும், இரண்டும் மலை மாதிரி ஆல்பங்கள். ஆனால் இந்தக் குழுவின் உயிர் எங்கே துடிக்கிறது என்று கேட்டால், இந்த மூன்று நிமிடப் பாட்டுகளைத்தான் கை காட்டுவேன். பின்னால் அவர்கள் பெரிய அளவில் செய்த ஒவ்வொன்றையும் முதலில் இங்கேதான் பரீட்சை பண்ணிப் பார்த்தார்கள். அதுவும் எப்படி? சண்டை போட்டுக்கொண்டு, சாமான்களை உடைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு அலைந்துகொண்டு. வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கலாம்!

ரயில்வே ஹோட்டலின் தாழ்ந்த கூரை

அட்டையிலிருந்து தொடங்குவோம். முன்பக்கத்தில் நாலு சின்னப் பையன்கள். வளர்ந்த நாலு பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அட்டையை விரித்தால் உள்ளே ஒரு பழைய கட்டடத்தின் படம். லண்டனின் வடமேற்கே ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ரயில்வே ஹோட்டல் அது. ஹோட்டல் என்று பெயர்தானே தவிர, ஆட்டமும் பாட்டும் நடக்கிற மதுக்கூடம்.

1964 கோடையில் கிட் லாம்பர்ட் என்ற இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். இசையமைப்பாளர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட்டின் மகன். சினிமாவில் உதவி இயக்குநர். அவருடைய கூட்டாளி கிறிஸ் ஸ்டாம்ப், நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்பின் தம்பி. இருவருக்கும் ஒரு பாப் குழுவை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று திட்டம். குழு தேடி அலைந்த லாம்பர்ட் கண்ணில் பட்டவர்கள் இந்த நால்வர். அப்போது அவர்கள் பெயர் ‘தி ஹை நம்பர்ஸ்’. படம் எடுக்க வந்தவர்கள் மேனேஜர்களாகிவிட்டார்கள். இசை வியாபாரத்தில் இருவருக்கும் அனுபவம் கிடையாது. அந்த அனுபவமின்மைதான் குழுவுக்கு வாய்த்த பெரிய யோகம். எதைச் செய்யக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லையே!

அதே ரயில்வே ஹோட்டலில்தான் ராக் சரித்திரத்தின் பிரசித்தி பெற்ற விபத்தும் நடந்தது. மேடைக்கு மேலே கூரை மிகவும் தாழ்வு. டவுன்ஷெண்ட் வாசித்துக்கொண்டே ரிக்கன்பேக்கர் கிதாரை மேலே தூக்கினார். கிதாரின் கழுத்து கூரையில் இடித்து முறிந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். ரோஷம் வந்துவிட்டது. மிச்ச கிதாரையும் அடித்து நொறுக்கிவிட்டு, இன்னொரு ரிக்கன்பேக்கரை எடுத்து மாட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வாசிப்பைத் தொடர்ந்தார். அப்புறம் என்ன? அடுத்த தடவை என்ன உடையப்போகிறது என்று பார்க்கவே கூட்டம் வந்தது. மூனும் தன் டிரம்ஸை உதைத்துத் தள்ள ஆரம்பித்தார். அந்தக் கட்டடம் 2000-ல் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில் எழுந்த குடியிருப்புகளுக்கு என்ன பெயர் தெரியுமா? டால்ட்ரி ஹவுஸ், மூன் ஹவுஸ்!

ஜிம்மி பேஜ் எதற்கு வந்தார்?

தொகுப்பின் முதல் பாட்டு ‘ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்’. 1965 ஜனவரியில் வெளியான சிங்கிள். ‘தி ஹூ’ என்ற பெயரில் வந்த முதல் ரெக்கார்டும் அதுதான். தயாரிப்பாளர் ஷெல் டால்மி, லண்டனுக்குக் குடிவந்த அமெரிக்கர். ‘தி கிங்க்ஸ்’ குழுவின் ‘யூ ரியலி காட் மீ’யை வெற்றிப் பாட்டாக்கியவர். டவுன்ஷெண்ட் கெட்டிக்காரர். டால்மியின் காதில் விழவேண்டும் என்றே, கிங்க்ஸ் பாணியில் வெட்டி வெட்டி விழுகிற கிதார் அடியோடு இந்தப் பாட்டைக் கட்டினார். விழுந்தது!

பதிவு நாளன்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு கிதார்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஜிம்மி பேஜ். ஆமாம், பிற்பாடு ‘லெட் ஸெப்பெலின்’ தொடங்கிய அதே ஜிம்மி பேஜ்தான். அப்போது அவர் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசித்துக் கொடுக்கும் ஸ்டுடியோ கலைஞர். டவுன்ஷெண்டுக்குச் சரியாக வரவில்லையென்றால் இவர் வாசிக்கட்டும் என்பது டால்மியின் முன்ஜாக்கிரதை. டவுன்ஷெண்டா விட்டுக்கொடுப்பார்? முன்னணி கிதாரைத் தானே வாசித்து முடித்தார். கோரஸ் குரல் விஷயத்தில் மட்டும் டால்மி பிடிவாதமாக நின்றார். குழுவினரின் குரல் போதாது என்று ‘தி ஐவி லீக்’ என்ற மூவரைக் கூப்பிட்டு உச்சஸ்தாயி பகுதிகளைப் பாடவைத்தார். அந்த ஈரமில்லாத, கண்ணாடி மாதிரியான கோரஸ் அவர்களுடையது.

இதற்குள் லாம்பர்ட் தன் வேலையைக் காட்டிவிட்டார். ‘ரெடி ஸ்டெடி கோ!’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவுக்கு இடம் கிடைத்ததும், மார்க்கீ கிளப்பில் செவ்வாய்க்கிழமை தோறும் இவர்களைக் கேட்க வரும் ரசிகர்களைத் திரட்டிக்கொண்டுபோய்ப் பார்வையாளர் பகுதியை நிரப்பினார். டிவியில் பார்த்தவர்களுக்கு நாடே இந்தக் குழுவின் பின்னால் திரண்டு நிற்பதாகத் தோன்றியது. பாட்டு 8-ம் இடம்வரை ஏறியது.

பழுதா, பாட்டா?

அடுத்த சிங்கிள் ‘எனிவே எனிஹவ் எனிவேர்’. 1965 மே. டால்ட்ரியும் டவுன்ஷெண்டும் சேர்ந்து எழுதியது. பாட்டின் நடுவில் ஒரு இடம் வருகிறது பாருங்கள், அங்கே பாட்டு நின்று சத்தம் மட்டும் மிஞ்சும்! கீச்சென்ற ஊளை, அடைத்துத் திறக்கிற படபடப்பு, இரும்பைச் சுரண்டுகிற சத்தம், அதற்கு அடியில் மூனின் டிரம்ஸ் உருண்டுகொண்டே இருக்கும்.

எப்படி வரவழைத்தார்கள்? ஆம்ப்ளிஃபையரின் ஒலியை முழுக்கத் திறந்து கிதாரை அதன் ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தால், வெளியே வரும் ஒலியே கம்பியை அதிர வைக்கும். அதிர்கிற கம்பியின் ஒலி மறுபடி ஸ்பீக்கர் வழியாக வரும். கம்பியைத் தொடாமலேயே சுரம் வளர்ந்துகொண்டு போகும். அந்தப் படபடப்புக்கு ஒரு தனி உபாயம். டவுன்ஷெண்டின் கிதாரில் இரண்டு பிக்-அப். ஒன்றின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார், மற்றொன்றை முழுக்கத் திறந்துவைப்பார். இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவிட்சை விரலால் தட்டித் தட்டி மாற்றினால் ஒலி இருக்கும், இருக்காது, இருக்கும், இருக்காது. தந்தி அலுவலகத்துக் கட்டுக்கடகட மாதிரி கிதார் பேசும்!

இந்தச் சத்தத்துக்குத் தோதாக அப்போது கடைகளில் ஆம்ப்ளிஃபையர் இல்லை. மேற்கு லண்டனில் ஹேன்வெல் என்ற இடத்தில் ஜிம் மார்ஷல் கடை வைத்திருந்தார். எண்ட்விசிலும் டவுன்ஷெண்டும் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று அவரைத் துளைத்தெடுத்துத்தான் 100 வாட் மார்ஷல் பிறந்தது. இன்றைக்கு ராக் மேடையில் கிதார்க்காரர்களுக்குப் பின்னால் சுவர்போல அடுக்கிவைத்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்குப் பிள்ளையார்சுழி போட்டது இந்த இருவரின் போட்டிதான்.

அமெரிக்காவில் டெக்கா கம்பெனிக்காரர்கள் டேப்பைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பழுதான பிரதி வந்துவிட்டது என்று நினைத்தார்களாம். குழுவினர் ரசித்துச் சொல்லும் கதை இது. பிரிட்டனில் ‘ரெடி ஸ்டெடி கோ!’ நிகழ்ச்சி கொஞ்ச காலம் இதே பாட்டைத் தன் முகப்பு இசையாக வைத்துக்கொண்டது. பழுது என்று தோன்றியதை ஒரு தலைமுறை தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது என்றால் எவ்வளவு பெரிய சங்கதி!

பேஸ் கம்பிக்காகக் கிதாரையே வாங்கியவர்

இப்போது பெரிய கதவு. ‘மை ஜெனரேஷன்’!

முதலில் இது நிதானமாக நடக்கிற ப்ளூஸ் பாட்டாகத்தான் இருந்தது. டவுன்ஷெண்ட் வீட்டிலேயே பதிவு செய்த மாதிரிப் பிரதியில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் பலருக்கும் பட்டது. மேனேஜர்கள் இருவரும் விடவில்லை. இதில் ஏதோ இருக்கிறது, திரும்பச் செய், திரும்பச் செய் என்று நெருக்கினார்கள். வேகம் கூடியது. சுருதி மாற்றங்கள் வந்து சேர்ந்தன. ‘ஜி’யில் தொடங்கும் பாட்டு ‘ஏ’, ‘பி ஃப்ளாட்’, ‘சி’ என்று படி ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் மூச்சு முட்டும். டால்ட்ரி திக்கித் திக்கிப் பாடுவது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு இரவெல்லாம் ஆடும், ‘மாட்’ என்று அப்போது அழைக்கப்பட்ட நாகரிக இளைஞனின் நாக்குக் குளறல் அது, அப்படியே இருக்கட்டும் என்று லாம்பர்ட் பிடித்துக்கொண்டார் என்பது அவற்றில் ஒன்று. திக்குவாய் உள்ளவர்கள் மனம் புண்படும் என்று பிபிசி முதலில் தயங்கியது.

எண்ட்விசிலின் பேஸ் தனி ஆவர்த்தனத்துக்கு வருவோம். பாப் சிங்கிளில் பேஸ் கிதாருக்குத் தனி என்பதே அப்போது கேள்விப்படாத விஷயம். அவருக்கு மணி மாதிரி கணீரென்று ஒலிக்கிற மெல்லிய கம்பி வேண்டும். டேன்எலக்ட்ரோ கிதாரில் அந்தக் கம்பி இருந்தது. வாங்கினார். வாசித்த வேகத்தில் கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி இங்கிலாந்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. என்ன செய்வார்? கம்பிக்காக இன்னொரு டேன்எலக்ட்ரோ வாங்கினார்! அதுவும் அறுந்தது. மூன்றாவது வாங்கினார்! அதன் கதியும் அதேதான். கடைசியில் ஃபெண்டர் கிதாரில் வேறு கம்பி மாட்டி, வாசிப்பைக் கொஞ்சம் எளிதாக்கிப் பதிவை முடித்தார். எளிதாக்கியதே இப்படி என்றால், அறுந்துபோன கம்பிகளில் என்னவெல்லாம் வாசித்திருப்பார்!

சிங்கிள் வெளிவருவதற்குச் சற்று முன்னால் குழு உடைந்தே போயிருக்கும். டென்மார்க் சுற்றுப்பயணம். மூன் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை டால்ட்ரி பிடுங்கிக் கழிப்பறையில் கொட்டினார். கைகலப்பாகிவிட்டது. மற்ற மூவரும் சேர்ந்து டால்ட்ரியை வெளியே அனுப்பினார்கள். அதற்குள் ‘மை ஜெனரேஷன்’ பட்டியலில் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்துவிட்டது. 2-ம் இடத்துக்குப் போகிற பாட்டின் பாடகனை எப்படி விலக்குவது? இனிமேல் முஷ்டியை மடக்குவதில்லை என்ற வாக்கோடு டால்ட்ரி திரும்பினார். ஒரு சிங்கிள் ஒரு குழுவையே காப்பாற்றிக் கொடுத்தது!

கோர்ட்டு வாசலில் ஒரு சிங்கிள்

1966 தொடக்கத்தில் லாம்பர்ட்டும் ஸ்டாம்பும் டால்மியோடு செய்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். ‘சப்ஸ்டிட்யூட்’ தயாரானது. டவுன்ஷெண்டே தயாரிப்பாளர். இசை வியாபாரி ராபர்ட் ஸ்டிக்வுட்டின் ‘ரியாக்‌ஷன்’ லேபிளில் மார்ச் மாதம் வந்தது. டால்மி உடனே கோர்ட்டுக்குப் போனார். சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த ‘சர்க்கிள்ஸ்’ பாட்டைத் தான் ஏற்கெனவே பதிவு செய்திருப்பதாக வழக்கு. தடை உத்தரவு வந்தது.

சிங்கிள் சுடச்சுட விற்கிற நேரம். மறுபக்கத்துக்கு உடனே வேறு பாட்டு வேண்டும். ஸ்டுடியோவில் குழு பதிவு செய்யவும் முடியாத சூழ்நிலை. கிரஹாம் பாண்ட் ஆர்கனைசேஷன் என்ற இன்னொரு குழு கை கொடுத்தது. அவர்கள் வாசித்த ‘வால்ட்ஸ் ஃபார் எ பிக்’ என்ற வாத்திய இசை, ‘தி ஹூ ஆர்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் மறுபக்கத்தில் ஏறியது. இந்தப் பக்கம் டால்மியின் கைவசம் இருந்த பழைய பதிவுகளிலிருந்து ‘பிரன்ஸ்விக்’ லேபிள் போட்டிக்கு ஒரு சிங்கிள் இறக்கியது. எந்தப் பாட்டு தெரியுமா? ‘எ லீகல் மேட்டர்’! சட்ட விவகாரம்! டவுன்ஷெண்டே பாடிய அந்தப் பாட்டும், அது எதிர்த்து நின்ற ‘சப்ஸ்டிட்யூட்’டும் இந்தத் தொகுப்பின் ஒரே பக்கத்தில் ஒரே தெருக்காரர்களாகச் சமாதானமாக இருக்கின்றன.

‘சப்ஸ்டிட்யூட்’டை உன்னிப்பாகக் கேளுங்கள். நடுவில் வாத்தியம் மட்டும் ஒலிக்கிற இடத்தில் கிதார் தனி வரவேண்டும் என்று எதிர்பார்ப்போம். பேஸ்தான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். எண்ட்விசில் பதிவு நடக்கும்போதே தன் ஒலியைச் சத்தமில்லாமல் கூட்டிவிட்டார். நால்வரும் ஒன்றாக வாசித்த பதிவு என்பதால் பிற்பாடு அதைக் குறைக்கவும் வழியில்லை. மூனின் கதை இன்னும் விசேஷம். இந்தப் பாட்டை வாசித்ததே அவருக்கு நினைவில் இல்லை. தனக்குத் தெரியாமல் வேறு டிரம்மரை வைத்து முடித்துவிட்டீர்கள் என்று மற்றவர்களிடம் சண்டைக்கே போனாராம். ரெக்கார்டில் அவருடைய குரல் கூவுவது கேட்கிறதே என்று எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று!

வழக்கு சமரசமாக முடிந்தது. அடுத்த ஐந்து வருடத்துக்கு விற்பனையில் டால்மிக்கு ஒரு பங்கு. இந்தப் பிரிவினையால்தான் இந்தத் தொகுப்பின் மதிப்பு கூடுகிறது. 1968-ல் லண்டனில் ‘டைரக்ட் ஹிட்ஸ்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. அதில் ‘மை ஜெனரேஷன்’ இல்லை, ‘ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்’ இல்லை. டால்மி காலத்துப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ‘மீட்டி பீட்டி’யில்தான் டால்மியின் ஐந்து பாட்டும் அதற்குப் பிந்தைய ஒன்பதும் ஒரே அட்டைக்குள் சந்தித்தன. இரண்டு பங்காளி வீடும் கூடி நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படம் இது.

லில்லி, சிலந்தி, ஒரு சங்கு

‘ஐ’ம் எ பாய்’ பாட்டுக்குள் ஒரு முழு நாடகம் ஒளிந்திருக்கிறது. ‘குவாட்ஸ்’ என்று ஓர் இசைநாடகம் எழுத டவுன்ஷெண்ட் திட்டமிட்டிருந்தார். பிறக்கப்போகும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும் எதிர்காலம். ஒரு தாய் நாலு பெண் கேட்கிறாள். மூன்று பெண்ணும் ஒரு பையனும் வந்துவிடுகிறார்கள். அவனையும் பெண்ணாகவே வளர்க்கிறாள். நாடகம் நடக்கவில்லை. மிஞ்சியது இந்த ஒரு பாட்டு. 1966-ல் 2-ம் இடம். ‘டாமி’க்கு மூன்று வருடம் முன்னாலேயே டவுன்ஷெண்ட் இசைநாடகம் எழுதக் கைபோட்டுவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இந்தத் தொகுப்பில் இருப்பது சிங்கிளில் வந்த பதிவு அல்ல. சற்று நீளமான, நிதானமான இன்னொரு பதிவு. வெறிபிடித்த ரசிகர்கள் இந்த ரெக்கார்டைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

1967 ஏப்ரலில் ‘பிக்சர்ஸ் ஆஃப் லில்லி’. தூக்கம் வராத பையனுக்கு அப்பா சில படங்கள் கொடுக்கிறார். பையன் படத்தில் இருக்கும் லில்லியைக் காதலிக்கிறான். அவள் இறந்து பல வருடம் ஆகிவிட்டது என்று பிறகுதான் தெரியவருகிறது. நடுவில் ஒரு விநோத ஊளை கேட்கும். எண்ட்விசில் பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறார், முதல் உலகப் போர்க்காலத்து அபாயச் சங்கைப் போல! பையனாக இருந்தபோதே ஹார்ன் கற்று இசைக்குழுவில் ஊதியவர் அவர். அந்த வருடம் ஒரு பேட்டியில் தங்கள் இசை என்ன வகை என்று சொல்ல டவுன்ஷெண்ட் ‘பவர் பாப்’ என்று ஒரு சொல்லைப் போட்டார். பிற்பாடு எத்தனையோ குழுக்கள் அந்தப் பெயரில் வாழ்ந்தன.

‘போரிஸ் தி ஸ்பைடர்’ பிரிட்டனில் சிங்கிளாக வரவே இல்லை. இருந்தும் இங்கே இடம்பிடித்துவிட்டது. எண்ட்விசில் எழுதி, எண்ட்விசில் பாடியது. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ பில் வைமனோடு உட்கார்ந்து பிராணிகளுக்கு வேடிக்கைப் பெயர் வைத்து விளையாடியபோது பிறந்த சிலந்தி இது. பேஸ் கிதார் படிப்படியாகக் கீழே இறங்கும்போது சிலந்தி சுவரில் இறங்குவது கண்ணுக்கே தெரியும். அடித்தொண்டை உறுமல் ஒரு பக்கம், கீச்சுக்குரல் இன்னொரு பக்கம், இரண்டும் அவரே. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு இந்தக் குழுவின் பாட்டுகளில் மிகவும் பிடித்தது இதுதானாம். இதைச் சிங்கிளாக விட்டிருந்தால் வென்றிருக்கும் என்று டவுன்ஷெண்ட் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஒளித்து வைத்த துருப்புச் சீட்டு

‘ஐ கேன் சீ ஃபார் மைல்ஸ்’ பாட்டை டவுன்ஷெண்ட் 1966-லேயே எழுதி வைத்துவிட்டார். வெளியே எடுக்கவில்லை. என்றைக்காவது சிங்கிள்கள் சறுக்கினால் இறக்குவதற்கென்று கையிருப்பில் வைத்த பாட்டு. பதிவுக்காக அது ஊர் ஊராகப் பயணப்பட்டது. லண்டனில் அடித்தளம், நியூயார்க்கில் மேல்பூச்சு, லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் கடைசி மெருகு. மூனின் டிரம்ஸ் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு இடத்தில் நின்று மூச்சுவிடாது. நடுவில் வரும் கிதார் தனி ஒரே ஒரு சுரம். திரும்பத் திரும்ப ஒரே சுரம்! விரல் ஜாலம் எதுவும் இல்லாமல் ஒரே சுரத்தைக் கொண்டு இவ்வளவு கோபத்தைச் சொல்ல முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

1967 இலையுதிர்காலத்தில் வெளியானது. அமெரிக்காவில் 9-ம் இடம், அங்கே முதல் பத்துக்குள் நுழைந்த அவர்களுடைய ஒரே சிங்கிள். பிரிட்டனில் 10-ம் இடத்தோடு நின்றது. நிச்சயம் முதலிடம் என்று நம்பிய டவுன்ஷெண்டுக்கு அது ஆறாத ஏமாற்றம். ஆனாலும் அந்தப் பாட்டு சும்மா போகவில்லை. அதன் ஆவேசத்தைப் பற்றிப் படித்த பால் மெக்கார்ட்னி, அதையும் மிஞ்சுகிற சத்தத்தில் ஒன்று செய்கிறேன் என்று கிளம்பியதில் பிறந்தது பீட்டில்ஸின் ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’!

அந்த வருடம் செப்டம்பரில் ‘ஸ்மதர்ஸ் பிரதர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டோடு ‘மை ஜெனரேஷன்’னும் வாசித்தார்கள். முடிவில் மூனின் டிரம்ஸுக்குள் வைத்திருந்த வெடி அளவுக்கு மீறி வெடித்தது. டவுன்ஷெண்டின் தலைமுடி பற்றிக்கொண்டது. தன் காது கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பின்பால் ஆட்டத்தால் பிழைத்த இசைநாடகம்

‘பின்பால் விஸார்ட்’ பிறந்த கதை ரத்தினச் சுருக்கம். ‘டாமி’ ஏறக்குறைய முடிந்த நிலையில் விமர்சகர் நிக் கோன் கேட்டார். ரொம்ப கனமாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார். கோனுக்குப் பின்பால் ஆட்டத்தில் பித்து என்பது டவுன்ஷெண்டுக்குத் தெரியும். கதாநாயகனைப் பின்பால் சூரனாக்கினால் எப்படி என்று கேட்டார். கோனின் முகம் மலர்ந்தது. அந்தப் பாட்டு அப்படித்தான் எழுதப்பட்டது. தொடக்கத்தில் புயல்போல வீசும் அந்த அகூஸ்டிக் கிதாருக்கு இன்றைக்கும் அரங்கம் எழுந்து நிற்கிறது. 1969-ல் பிரிட்டனில் 4-ம் இடம்.

‘தி சீக்கர்’ 1970-ல் வந்தது. தேடல் பற்றிய பாட்டு. இதை எழுதும் முன்பே டவுன்ஷெண்ட் மெஹர் பாபாவின் அடியாராகியிருந்தார். மகாராஷ்டிரத்தில் அகமத்நகருக்குப் பக்கத்தில் மெஹராபாத்தில் இருந்து, பல்லாண்டு பேசாமலே போதித்த அந்த ஞானியின் பெயர் அடுத்த வருடம் ‘பாபா ஓ’ரைலி’ பாட்டின் தலைப்பிலும் ஏறியது.

தன் ரெக்கார்டுக்குத் தானே விமர்சனம்

1971-ல் டவுன்ஷெண்ட் களைத்துப்போயிருந்தார். ‘லைஃப்ஹவுஸ்’ என்ற பிரம்மாண்டமான திட்டம் சரிந்துவிட்டது. அதன் மிச்சத்திலிருந்து ஆகஸ்டில் ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ வெளிவந்து பெரும் பெயர் வாங்கியது. சில மாதங்களிலேயே இந்தத் தொகுப்பும் வந்தது. பிரிட்டனில் 9-ம் இடம், அமெரிக்காவில் 11-ம் இடம். பழைய பாட்டுகளுக்கு அது சாதாரண வரவேற்பா?

இதைவிட ருசியான சங்கதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் இந்த ரெக்கார்டுக்கு விமர்சனம் எழுதியவர் யார்? சாட்சாத் பீட் டவுன்ஷெண்ட்! தன் ரெக்கார்டுக்குத் தானே விமர்சனம். 1971 டிசம்பரில் வந்த அந்தக் கட்டுரையில் பாட்டு பாட்டாக எடுத்துப் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். ‘டாமி’ எழுதிக் கொடி நாட்டிய மனிதர், சிங்கிள்தான் ராக் இசையின் அசல் வடிவம் என்ற தன் பழைய நம்பிக்கையை உரத்த குரலில் சொல்கிறார்.

அவர் நம்பிக்கை நூற்றுக்கு நூறு சரி என்பேன். ஆல்பத்தில் ஒரு பாட்டு சுமாராக இருந்தால் அடுத்தது தூக்கி நிறுத்தும். சிங்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கப்பலிலிருந்து ஒலிபரப்பிய திருட்டு வானொலியில் பத்துப் பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை ஒலிக்கும். அந்த ஒரு தடவையில் பையனோ பெண்ணோ கேட்டுவிட்டு மறுநாள் கடைக்கு ஓட வேண்டும். அதனால்தான் இந்த 14 பாட்டிலும் ஒரு நொடிகூடச் சோம்பேறியாக இல்லை. ஊளையிடும் கிதார், தனி வாசிக்கும் பேஸ், திக்கும் குரல், போர்ச்சங்கு, ஒற்றைச் சுரத் தனி எல்லாமே மூன்று நிமிடத்துக்குள் ஊரின் காதைப் பிடித்து இழுப்பதற்காகக் கண்டுபிடித்தவை.

கேட்பதற்கு ஒரு யோசனை. ரெக்கார்டில் பாட்டுகள் வெளியான வருட வரிசையில் இல்லை. முதலில் அதன் போக்கிலேயே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பிறகு 1965-ல் தொடங்கி 1970 வரை நீங்களே வரிசைப்படுத்திக் கேளுங்கள். ஐந்தே வருடத்தில் ஒரு பேட்டைக் குழு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மலைத்துப்போவீர்கள். ஒலியை மட்டும் குறைத்துவிடாதீர்கள். இதற்காகத்தான் ஜிம் மார்ஷல் அந்தப் பெரிய பெட்டிகளைச் செய்து கொடுத்தார்!